கரண்ட் போனா 2 தடவை

சி.பி.யு. பெட்டியின் முன்பக்கம் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஸ்கெட்ச் பேனாவில், "கரண்ட் போனா 2 தடவை ஆஃப் - ஆன்." இடம் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம், மாடியில் இருக்கும் மாமாவின் கல்யாணப் பத்திரிகைக் கடை. ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகையெல்லாம் ஆடியில்தான் அச்சுக்கு வரும். சாயங்காலம் இடி இடித்தால் கரண்ட் ஒரு நொடி போய் வரும். யு.பி.எஸ். இருக்கிறது, அதன் பேட்டரி செத்து எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் நினைவில்லை.

"மாப்ள, நீ எழுதிக் குடுத்தது திரும்பவும் ஊமையாயிடுச்சு" என்று மாமா போன் செய்தார். அச்சு வேலையைத் தானாகச் செய்ய நான் எழுதிக் கொடுத்திருந்த ஸ்கிரிப்டைத்தான், அதாவது சின்ன நிரலைத்தான், சொன்னார். அலுவலகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் எனக்கு வேலை. சொந்தக்காரர் கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப் என்னை ஏய்த்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்தேன்.

அந்தத் தாளை எழுதி ஒட்டியது டி.டி.பி. பார்க்கும் பெண். "ஒரு தடவை ஆன் பண்ணா சில நாள் வராதுண்ணா. திரும்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடும். ரொம்ப அபூர்வமா மூணு தடவை." இதை அவள் ஏதோ ஸ்கூட்டர் கிக்கர் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கோளாறு ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் வந்தால் காரணம் கண்டுபிடிக்கலாம். ரீஸ்டார்ட்டே செய்யாவிட்டால் வருகிறது என்றாலும் கண்டுபிடிக்கலாம். ஒரு ரீஸ்டார்ட்டில் வந்து அடுத்த ரீஸ்டார்ட்டில் போய்விடுகிறது என்றால் என்ன அர்த்தம்?

முதலில் அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டெபியன் லினக்ஸ் போட்ட கணினி. 'அச்சுக்கு' என்று ஒரு கோப்புறை. அதில் பி.டி.எஃப். போட்டால் ஸ்கிரிப்ட் எடுத்து, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் கொடுத்துப் பக்கங்களைச் சரிசெய்து, பிரிண்டருக்கு அனுப்பி, முடிந்ததும் 'முடிந்தவை' கோப்புறைக்குத் தள்ளும். பெரும்பாலும் கவர் மேல் விலாசம் அடிக்கும் வேலை. ஸ்கிரிப்டின் இரண்டு பிரதி ஒரே சமயத்தில் ஓடக்கூடாது. ஓடினால் ஒரே கோப்பை இரண்டும் எடுத்து இரண்டு முறை அடித்துவிடும். அதற்காகத்தான் பூட்டு. கணினி எழும்போதே, சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி இதைத் தொடங்கிவிடுகிறதே, அது ஒரே பிரதியைத்தானே ஓட்டும், பூட்டு எதற்கு என்று கேட்கலாம். பிரிண்டர் கொஞ்சம் தாமதித்தால் கடையில் யாராவது டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானை இரட்டைக் கிளிக் செய்வார்கள். 'யாராவது' என்பது மாமாதான்.

(ஒரு இடைச்செருகல். பூட்டையும் 'லாக்' என்கிறோம், பதிவேட்டையும் 'லாக்' என்கிறோம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே லாக். போனில் "லாக் ஃபைலைப் பாரும்மா" என்று நான் சொல்லி, அவள் வேறு ஃபைலைத் திறந்து படித்துக் காட்டிய கதையெல்லாம் உண்டு. அதனால் பூட்டுக் கோப்பு, பதிவுக் கோப்பு என்றே எழுதுகிறேன்.)

இந்தப் பூட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, எனக்குப் பெருமை சேர்க்காத வரலாறு. முதல் வடிவத்தில் பூட்டு ஒரு காலிக் கோப்பு. இருந்தால் ஒதுங்கிப் போ, இல்லையென்றால் உண்டாக்கிக்கொண்டு வேலையைப் பார், முடிந்ததும் அழி. அந்த நாளில் கிரான் (நேரம் வைத்து நிரல்களை ஓட்டும் ஏற்பாடு) நிமிடத்துக்கு ஒருமுறை இதை ஓட்டியது. வெளியேறும்போது அழிக்க, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் 'ட்ராப்' வசதியைப் போட்டிருந்தேன். ஒழுங்காக ஷட்டௌன் செய்தால் ட்ராப் வேலை செய்யும். கரண்ட் போனால் எந்த ட்ராப்பும் ஓடாது. பூட்டுக் கோப்பு மட்டும் வட்டில் அநாதையாகக் கிடக்கும், யாராவது கையால் அழிக்கும்வரை அச்சு கிடையாது.

அதற்கு நான் போட்ட ஒட்டு, இப்போது நினைத்தாலும் கூசுகிறது: பூட்டு 30 நிமிடத்துக்கு மேல் பழசாக இருந்தால் செத்த பூட்டு என்று அழித்துவிடு. இது இரண்டு வகையில் காலை வாரியது. ஒன்று, மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் போய் வந்தால் கணினியின் கடிகாரம் பல மாதம் பின்னால் போய் நிற்கும். பூட்டுக் கோப்போ இனிமேல்தான் பிறக்கப்போவது மாதிரித் தெரியும். 30 நிமிடம் பழசு என்ற கணக்கு எப்படி நிறைவேறும்? மோடம் எழுந்து, இன்டர்நெட் வந்து, நேரம் சரியான பிறகுதான் பூட்டு அழியும். இரண்டாவது இன்னும் மோசம். ஒரு நாள் பெரிய வேலை ஒன்று முக்கால் மணி நேரம் ஓடியது. 30-வது நிமிடத்தில் கிரான் கிளப்பிய அடுத்த பிரதி, உயிரோடு இருந்த பூட்டைச் செத்ததென்று அழித்து, அதே கோப்பை முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தது. ஒரே கல்யாணத்துக்கு விலாசம் அச்சான கவர் இரண்டு செட். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பல மாதங்களுக்கு எனக்கு எதைக் கொடுத்தாலும் அந்தக் கவரில் போட்டுத்தான் கொடுத்தார்.

மூன்றாவது வடிவம்தான் இப்போது இருப்பது. கிரானை விட்டுவிட்டு, கணினி எழும்போதே தொடங்கி நாள் முழுக்க ஓடும் சேவையாக மாற்றினேன். பூட்டுக் கோப்புக்குள் ஸ்கிரிப்ட் தன் ப்ராசஸ் எண்ணை (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி கொடுக்கும் எண்) எழுதி வைக்கும். அடுத்து வருகிற பிரதி அந்த எண்ணைப் படித்து, ஓடுகிற ப்ராசஸ்களைக் காட்டும் 'ப்ராக்' கோப்புறைக்குள் அந்த எண்ணில் ஒரு கோப்புறை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் உயிரோடு இருக்கிறது, இல்லையென்றால் செத்துவிட்டது. நேரத்தை நம்ப வேண்டாம், கேட்கவும் நன்றாக இருந்தது. யூனிக்ஸில் இது பழைய வழக்கமும்கூட. போன் வழியே கணினிகள் கோப்பு மாற்றிக்கொண்ட யு.யு.சி.பி. காலத்தில் மோடம்களைப் பூட்ட வந்த வடிவத்தில், ப்ராசஸ் எண்ணைப் பத்து எழுத்து அகலத்தில் எழுதி ஒரு வரி முடிவு போடுவார்கள். திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் சர்வர் டெம்ப் கோப்புறையில் வைக்கும் பூட்டிலும் இதே பத்து எழுத்துதான்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். அவளை யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். திரும்பச் சொருகியதும் கணினி தானாக எழுந்தது. அதிர்ஷ்டம், முதல் தடவையிலேயே அடம்பிடித்தது. பதிவுக் கோப்பில், "ஏற்கெனவே ஓடுகிறது, எண் 1187." பூட்டுக் கோப்பைத் திறந்தேன், 1187 தான். யார் இந்த 1187 என்று, ஓடுகிற ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பி.எஸ். கட்டளையில் கேட்டேன்.

யாரும் இல்லை.

'ப்ராக்' கோப்புறையைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். 1174 இருக்கிறது, அடுத்து 1192. நடுவில் 1187 இல்லை. ஸ்கிரிப்டை மறுபடி கையால் ஓட்டினால், "ஏற்கெனவே ஓடுகிறது, எண் 1187." இல்லாத ஆளை இருக்கிறான் என்கிறது. டீ வந்தது. குடித்தேன். ஷெல்லில் எழுத்துப் பிழையா, எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவதா என்றெல்லாம் தேடி ஒரு மணி நேரம் போனது.

கடைசியில் ஒரு எரிச்சலில், பட்டியலில் இல்லாத அந்த 1187 கோப்புறைக்குள் நேராகப் போகச் சொல்லி சி.டி. கட்டளை கொடுத்தேன். போய்விட்டது! உள்ளே 'ஸ்டேட்டஸ்' கோப்பைத் திறந்தால், பெயர் 'ஜிமெயின்'. அதற்குக் கொஞ்சம் கீழே 'டிஜிட்' என்ற வரியில் 1174. 1174 யார் என்று பார்த்தால் கப்ஸ்-பிரௌஸ்டு, நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடித் தரும் சேவை. அதாவது 1187 ஒரு தனி ப்ராசஸே இல்லை, கப்ஸ்-பிரௌஸ்டுக்குள் ஓடும் ஒரு த்ரெட், அதன் கிளை வேலை. லினக்ஸில் த்ரெட்களுக்கும் அதே வரிசையிலிருந்துதான் எண் கொடுக்கப்படுகிறது. 'ப்ராக்' கோப்புறையைப் பட்டியல் போட்டால் த்ரெட்கள் தெரியாது. பெயர் சொல்லி நேராகக் கதவைத் தட்டினால் திறக்கும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் படித்தும் இருக்கிறேன். படித்தது வேறு, இப்படி மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டது வேறு.

இதற்குப் பிறகு மஞ்சள் தாளின் ரகசியம் தானாக விளங்கியது. எழுதும்போது என் மனதில் இருந்த கணக்கு இது: ப்ராசஸ் எண் பல்லாயிரக்கணக்கில் போகும் (லினக்ஸின் மையமான கெர்னலின் பழைய இயல்பான உச்சவரம்பே 32768), அதில் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு சரியாக அதே எண் இன்னொருவருக்குக் கிடைப்பது லாட்டரி மாதிரி. தப்பு. எண்கள் குலுக்கல் முறையில் வருவதில்லை. கணினி எழும்போது 1-இலிருந்து வரிசையாகக் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே சேவைகள், ஏறக்குறைய அதே வரிசையில் எழுகின்றன. என் ஸ்கிரிப்டும் அந்தக் கூட்டத்தோடு எழுவதால் அதன் எண்ணும் எப்போதும் ஆயிரத்துச் சொச்சத்தில்தான். நேற்று எனக்குக் கிடைத்த எண் இன்று பக்கத்து ஆளுக்குப் போவது லாட்டரி இல்லை, ஆஸ்பத்திரி டோக்கன். நேற்றைய 47-ஐ வைத்துக்கொண்டு, "47 உள்ளே இருக்காரா?" என்று கேட்டால் நர்ஸ் "இருக்காரே" என்றுதான் சொல்வார். இன்றைய 47 அவர். இதோடு த்ரெட்களும் எண்களைத் தின்பதால் அந்த இடத்தில் காலி இடைவெளியே குறைவு. இரண்டாம் முறை ஆஃப் செய்து ஆன் செய்யும்போது சேவைகளின் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே நகரும். பூட்டில் இருக்கும் எண் ஏதாவது ஓர் இடைவெளியில் விழுந்தால் ஸ்கிரிப்ட் ஓடும். அவள் கண்டுபிடித்தது அந்த இடைவெளியைத்தான். கிக்கர்தான், ஒரு வகையில்.

இந்தக் குழியில் விழுந்த முதல் ஆள் நான் இல்லை என்பதில் கொஞ்சம் ஆறுதல். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் தன் டேட்டா கோப்புறையில் இப்படி எண் எழுதிய பூட்டுக் கோப்பு வைத்துக்கொள்கிறது. பழைய பூட்டில் இருக்கும் எண் தன் எண்ணாகவோ, தன்னைக் கிளப்பிய ஷெல்லின் எண்ணாகவோ, அதற்கும் மேலே இருப்பதன் எண்ணாகவோ இருந்தால் அதை எதிராளி என்று எண்ணக்கூடாது என்று அதன் நிரலில் தனியாகக் கவனித்திருக்கிறார்கள். கணினி எழும்போது எண்கள் பக்கத்தில் பக்கத்தில் விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வேறு யூசரின் ப்ராசஸ் என்றாலும் அது தன் ஆள் இல்லை என்று தள்ளிவிடும். நானும் 'கில்' கட்டளையில், கொல்லாமல் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும் பூஜ்ய சிக்னல் அனுப்பி விசாரித்திருந்தால், கப்ஸ்-பிரௌஸ்டு என் யூசரில் ஓடாததால் அனுமதி மறுப்பு வந்து, ஸ்கிரிப்ட் அதைச் 'செத்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு ஓடியிருக்கும். தப்பான காரணத்துக்காகச் சரியான விடை. இந்தக் கோளாறு இன்னும் அபூர்வமாகி, இன்னும் பிடிபடாமல் போயிருக்கும்.

சரி, மருந்து. உடனே தோன்றியது இடமாற்றம். பூட்டுக் கோப்பு என் ஹோம் கோப்புறையில் இருந்தது. அது வட்டு, ரீஸ்டார்ட்டைத் தாண்டி வாழும். 'ரன்' கோப்புறை நினைவகத்தில் இருப்பது, கணினி அணைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் காலி. டெபியனில் அதற்குள் இருக்கும் 'லாக்' (பூட்டு என்ற பொருளில்) கோப்புறையில் சாதாரண யூசரும் எழுதலாம். ஒரு வரி மாற்றினால் ரீஸ்டார்ட் பிரச்சினை முடிந்தது. இதோடு நிறுத்தியிருக்கலாம், பல பேருக்கு இது போதும். ஆனால் ரீஸ்டார்ட் இல்லாமலே ஸ்கிரிப்ட் மட்டும் செத்தால்? நினைவகம் போதாமல் கெர்னலே கொன்றால்? கோஸ்ட்ஸ்கிரிப்ட் பெரிய படங்களை விழுங்கும்போது அது நடக்கும். மறுபடி எண்ணை வைத்து விசாரணை, மறுபடி டோக்கன் கதை.

எண்ணோடு சேர்த்து பூட் அடையாளத்தையும் எழுதி வைக்கலாம் என்று யோசித்தேன். கெர்னல் ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக ஒரு அடையாளத்தை உண்டாக்கி, 'ப்ராக்'கில் 'பூட் ஐடி' என்று வைக்கிறது. பூட்டில் இருப்பது வேறு பூட் ஐடி என்றால் கேள்வியே இல்லாமல் பழசு. டோக்கனில் தேதி போடுவது மாதிரி. நல்ல வழிதான், ஆனால் இன்னும் நாமே விசாரணை அதிகாரியாக இருக்கிறோம்.

கடைசியில் எஃப்லாக்குக்கு வந்தேன். இது 1983-இல் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் வந்த சங்கதி. அலுவலகத்தில் நான் தினமும் பயன்படுத்துவது. மாமா கடைக்கு மட்டும் ஏன் முதலிலேயே போடவில்லை என்று கேட்காதீர்கள். இதில் கோப்பு இருப்பது பூட்டு இல்லை. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் மேல் கெர்னலிடம் கேட்டு வாங்குவதுதான் பூட்டு. வைத்திருப்பவர் எப்படிச் செத்தாலும் கெர்னல் அதை விடுவித்துவிடும். கணினியே செத்தால் கெர்னலும் இல்லை, பூட்டும் இல்லை. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இரண்டே வரி: 9-ஆம் எண்ணில் (திறந்த கோப்புக்குத் தரும் கைப்பிடி எண்) கோப்பைத் திற, காத்திருக்காமல் பூட்டு கேள், கிடைக்காவிட்டால் வெளியேறு. பழைய விசாரணை வரிகள் இருபதுக்கு மேல் போயின.

மறக்காமல் ட்ராப்பையும் நீக்கினேன். எஃப்லாக்கில் கோப்பை அழிக்கக் கூடாது. ஒருவர் பழைய கோப்பைத் திறந்து பூட்டு வாங்கும் நேரத்தில் இன்னொருவர் அதை அழித்துவிட்டால், மூன்றாமவர் அதே பெயரில் புதுக் கோப்பு உண்டாக்கி அதில் பூட்டு வாங்குவார். பெயர் ஒன்று, கோப்பு இரண்டு, இருவர் கையிலும் பூட்டு. மறுபடி இரண்டு செட் கவர். காலிக் கோப்பு கிடந்தால் கிடக்கட்டும்.

முதல் சோதனையிலேயே தோல்வி. ஐகானிலிருந்து கிளப்பி, கில் மைனஸ் 9 (இந்த 9 வேறு, உடனே கொல்லும் சிக்னல்) கொடுத்துக் கொன்றுவிட்டு மறுபடி கிளப்பினால், "ஏற்கெனவே ஓடுகிறது." எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எந்தக் கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார் என்று காட்டும் எல்.எஸ்.ஓ.எஃப். போட்டுப் பார்த்தேன். எத்தனை கவர் முடிந்தது என்று திரையில் காட்ட ஒரு குட்டி ஸ்கிரிப்டைப் பின்னணியில் கிளப்பியிருந்தேன், அது தாயிடமிருந்து 9-ஆம் எண்ணையும் சேர்த்துச் சுவீகரித்திருந்தது. தாய் செத்தும் பிள்ளை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குட்டியைக் கிளப்பும் வரியில் 9-ஐ மூடிவிட்டு அனுப்பினேன். சிஸ்டம்டி வழியாக நிறுத்தினால் இது தெரியாது, அது குடும்பத்தோடு கொன்றுவிடும். ஐகான் வழியில்தான் தெரியும், அதாவது மாமா வழியில்.

அப்புறம் இன்னொன்று உறைத்தது. பூட்டு சரியாகிவிட்டால் கரண்ட் வந்ததும் ஸ்கிரிப்ட் உற்சாகமாக எழுந்து, பாதியில் நின்ற கோப்பை முதலிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும். இத்தனை நாள் பழைய பூட்டுதான் பல முறை அதைத் தற்செயலாகத் தடுத்திருக்கிறது. அதனால் வேலையை எடுக்கும்போதே கோப்பை 'நடப்பவை' என்ற கோப்புறைக்குப் பெயர்மாற்றி எடுக்கச் செய்தேன். ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர்மாற்றம் பிளவுபடாமல் நடக்கும், இருவர் ஒரே கோப்பைப் பிடிக்க முடியாது. ஆனால் கரண்ட் போனால் அந்தக் கோப்பு 'நடப்பவை'யிலேயே கிடக்கும். பார்த்தால் அதுவும் ஒரு பழைய பூட்டுதான்! இதை மட்டும் நிரல் முடிவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தொடங்கும்போது அங்கே ஏதாவது கிடந்தால் 'பாதியில் நின்றவை'க்குத் தள்ளிவிட்டு, திரையில் ஒரு செய்தி. எத்தனை கவர் வந்தது என்று தட்டைப் பார்த்து எண்ணுகிறவர் முடிவு செய்யட்டும்.

பேக்கப் எடுத்துக்கொண்டு பத்து முறைக்கு மேல் பிளக்கைப் பிடுங்கினோம். மாமா பார்க்க முடியாமல் கீழே போய்விட்டார். எல்லா முறையும் முதல் தடவையிலேயே எழுந்தது. ரிச்சி தெருவில் சி.ஆர்.2032 ஒன்றும், யு.பி.எஸ்.ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றும் வாங்கிவந்து மாட்டினேன். இதை முதலிலேயே செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. கிளம்பும்போது கவுன்டர் கணினியில் குரோம் திறக்கவில்லை, புரொஃபைல் வேறு கணினியில் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்கிறது என்றார்கள். யாரோ அந்தக் கணினியின் பெயரை மாற்றியிருந்தார்கள். குரோமின் பூட்டு ஒரு சிம்லிங்க், அதாவது வேறு இடத்தைக் காட்டும் குறிப்பு. அது காட்டும் இடமே கணினிப் பெயரும் ப்ராசஸ் எண்ணும்தான். பழைய பெயரோடு தொங்கிக்கொண்டிருந்ததை, குரோம் எங்கும் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு அழித்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து போன். தெருவே இருட்டாம், புது பேட்டரியும் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிட்டதாம்.

"'பாதியில் நின்றவை'ல ஒரு ஃபைல் இருக்குண்ணா. மொத்தம் 220 கவர், தட்டுல 133 வந்திருக்கு. 134-லேர்ந்து போடவா?"

"எதுக்கும் மெஷினைத் திறந்து பாரும்மா, உள்ளே ஏதாவது நிக்குதான்னு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கதவு திறக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"134 உள்ளதான்ணா மாட்டிட்டிருக்கு. பாதிப் பேர்தான் விழுந்திருக்கு."

"அப்போ கிழிச்சுப் போட்டுட்டு 134-லேர்ந்தே போடு."